பதரி மார்க்கத்தில் பனிச்சரிவு

காஞ்சியினின்று பதரிநாராயணனைச் சேவிக்கச் செல்லும் யாத்திரிகர், அருகிலுள்ள மாணா கிராமத்தையும் கண்டு மீள்வதுண்டு. கோடையில் அவர்கள் காணும் அவ்விடம் மாசியில் வேறோர் உலகமாகும். 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி காலையில், அங்கிருந்த எல்லைச் சாலைகள் நிறுவனத்தின் முகாம்மீது பனிச்சரிவு வீழ்ந்தது. சாலையில் பனியகற்ற அமர்த்தப்பட்டிருந்த 54 தொழிலாளர் அதில் சிக்கினர். ராணுவத்தாரும் பிறரும் அரும்பாடுபட்டு 46 பேரை மீட்டனர். 8 பேர் மாண்டனர்.

இதனைத் தெய்வச் செயலென்று கூறி வாளாவிருத்தல் தகுமா? பனிச்சரிவு காரணமின்றி நிகழ்வதன்று. பழம்பனியின்மீது புதுப்பனி விரைந்து குவியுங்கால், இடையில் வலுவற்ற அடுக்கொன்று இருப்பின், மேற்பாரம் தாங்காது அது முறியும். மேற்பனி பலகைபோற் பெயர்ந்து ஓடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைப்பக்கங்களே இதற்குப் பெரிதும் இடமாவன. பனியில் முற்றிலும் புதையுண்டவனைக் கால்மணி நேரத்திற்குள் எடுக்காவிடில் அவன் பிழைப்பது அரிது.

சண்டிகரிலுள்ள பாதுகாப்புத்துறை ஆராய்ச்சி நிலையம், முதல்நாள் மாலையே சமோலி முதலிய ஜில்லாக்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது. முகாமோ 3,000 மீட்டருக்கும் மேலே இருந்தது. எச்சரிக்கை இருந்தது, மனிதரும் அங்கேயே இருந்தனர்.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில், மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 வீரர்மீது பனி சரிந்தது. அவர்களுள் தமிழரும் இருந்தனர். ஆறு நாட்களுக்குப்பின் உயிருடன் எடுக்கப்பெற்ற ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-இல் உயிர்நீத்தார். காவல் நிற்கும் வீரன் தன் நிலையை விட்டு நீங்க இயலாதென்பர். பனி வாரும் கூலியாளுக்கும் அந்நியதி உண்டோ? சாலை இரண்டு நாள் பொறுக்கும்.

நம் நெசவாளர் மழை தூறினால் தெருவில் பாவு நீட்டார். நூல் கெடுமென்று காத்திருப்பர். நூலுக்குக் காட்டும் பரிவை மனிதவுயிருக்குக் காட்டலாகாதா?

ஆகவே சர்க்கார் செய்யத்தக்கவை தெளிவு. சரிவின் வழியில் முகாம் அமைத்தலாகாது. எச்சரிக்கை வந்தவுடன் ஆட்களைக் கட்டாயமாகக் கீழிறக்க வேண்டும். அந்நாட்களுக்கும் கூலி தரவேண்டும். கூலி போமென்று அஞ்சுபவன் இறங்கத் தயங்குவான். புதையுண்டவன் இருப்பிடத்தைக் காட்டும் சிறு வானொலிக் கருவியை ஒவ்வொருவருக்கும் அளித்தல் வேண்டும். எச்சரிக்கையின் பயன் அதை எழுதிய காகிதத்தில் இல்லை. மலையினின்று உயிருடன் இறங்கிய மனிதரிடத்திலேயே உள்ளது.