கூரைத் தண்ணீரும் வாயில்லா ஜீவனும்

2019-ம் ஆண்டு ஜூலை மாதம் 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு விசித்திரமான ரயில் வண்டி புறப்பட்டு, ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்து வில்லிவாக்கத்தில் வந்து நின்றது. அதில் பிரயாணிகள் இல்லை. 50 வாகன்களிலும் தண்ணீர்தான் இருந்தது! முந்திய ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஆகவே சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சென்னையின் தாகத்தைத் தீர்க்க வேண்டியதாயிற்று.

மனிதர்களுக்காவது ரயில் வந்தது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் வீட்டுக் கொல்லையில் கட்டியிருக்கும் பசுக்களுக்கு எந்த ரயில் வரும்? லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நிற்க அவற்றால் இயலுமா? கோடையில் அவிழ்த்து விடப்பட்ட மாடு தெருவோரச் சாக்கடையில் வாய் வைப்பதைக் கண்டு நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். மறுநாள் காலையில் அதன் பாலில்தான் காப்பி அருந்துகிறோம்!

பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். தண்ணீர் குறைந்தால் மாடு தீனியையும் குறைத்துக்கொள்ளும்; இரண்டும் குறைந்தால் மடி வற்றும். ஆகையால் மாட்டுக்கு நல்ல நீர் அளிப்பது தர்மம் மட்டுமல்ல, குடும்பக் கணக்கும் ஆகும்.

அந்த நீர் எங்கே கிடைக்கும்? நம் தலைக்கு மேலேயே கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 50 சதுர மீட்டர் கொண்ட சிறிய வீட்டின் கூரையில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று தள்ளிவிட்டாலும் 56,000 லிட்டர் மிஞ்சும். ஜோலார்பேட்டை ரயிலின் ஒரு வாகன் சுமந்து வந்தது 50,000 லிட்டர்தான். ஆண்டுதோறும் ஒரு வாகன் தண்ணீர் நம் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. நாமோ அதைத் தெருவில் ஓட விடுகிறோம்!

கட்டடங்கள் யாவும் மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. பெரும்பாலான வீடுகளில் அந்த நீர் குழாய் வழியாக மண்ணுக்குள் போகிறது. அது நன்றே. ஆனால் மண்ணுக்கு அனுப்புமுன் மாட்டின் பங்கை எடுத்து வைக்கலாகாதா?

இரண்டு பசுக்கள் உள்ள வீட்டைப் பார்ப்போம். கோடையில் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 90 நாட்களுக்கு 10,800 லிட்டர் ஆகும். 10 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள தொட்டியில் 11,000 லிட்டர் அடங்கும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் பெய்யும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான காலமே அதை நிரப்பிவிடும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். மழைக்கு முன்பே கூரையைப் பெருக்கிச் சருகையும் பறவை எச்சத்தையும் அகற்ற வேண்டும். முதல் மழையின் நீரைத் தொட்டியில் விடலாகாது. குழாய் வாயில் கம்பி வலையும், தொட்டிக்கு இறுக்கமான மூடியும் வேண்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும்; கொசு புகுந்தால் டெங்கு வரும்; எலி புகுந்தால் எலிக்காய்ச்சல் மாட்டையும் மனிதனையும் பற்றும். கீற்றுக் கூரையின் நீர் உதவாது. ஓடும் மெத்தை மாடியுமே ஏற்றவை.

தாழ்வாரத்து ஓட்டு நுனியில் அண்டாவை வைத்து மழைநீர் பிடித்த பாட்டிமாரை நம்மில் பலர் அறிவோம். அந்த அண்டாவைச் சற்றே பெரிதாக்குவதுதான் நாம் செய்ய வேண்டியது. அடுத்த ஐப்பசிக்குள் தகரப் பீலியும் தொட்டியும் தயாராகுமானால், சித்திரை வெயிலில் நம் வீட்டுப் பசு சாக்கடையைத் தேடிப் போகாது.