இரவிகுளத்தில் ஒரு பகல்

மாணவர்களே, 'தேசியப் பூங்கா' என்னும் சொல்லைக் கேட்டவுடன் பாத்தி கட்டிய பூஞ்செடிகளும் ஊஞ்சலும் நீரூற்றும் பலர் மனக்கண்ணில் தோன்றக்கூடும். பெயர் பூங்காவேயாயினும் பொருள் வேறு. இயற்கையை அதன் போக்கிலேயே விட்டு வைப்பதற்கென எல்லை வகுத்த நிலத்திற்கே அப்பெயர். 1872-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் எல்லோஸ்டோன் இவ்வகையில் உலகின் முதற் பூங்காவாயிற்று. இந்தியாவில் 1936-இல் இமயத்தின் அடிவாரத்தில் முதற் பூங்கா அமைந்தது. இன்று அது கார்பெட் பூங்கா எனப்படுகிறது. நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தேசியப் பூங்காவில் வேட்டைக்கு மட்டுமன்றிக் கால்நடை மேய்ச்சலுக்கும் இடமில்லை.

இத்தகைய மலைப் பூங்கா ஒன்றை ஒரே பகலில் கண்டு பயன் பெற இயலுமா? இயலும் என்பதே என் அனுபவம். சென்ற ஜனவரித் திங்களின் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் கேரளத்தில் மூணாற்றை அடுத்த இரவிகுளத்திற்குச் சென்றோம். பேசின் பிரிட்ஜில் வாழும் எங்களுக்கு ரயிலின் ஓசை புதிதன்று. சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு 2023 முதல் ஒரு விரைவு வண்டி ஓடுகிறது. அதில் சென்று, போடிமெட்டு வழியாக மலையேறி, ஒரு நாள் மூணாற்றில் இளைப்பாறி, மறுநாட் காலை பூங்காவை அடைந்தோம்.

இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதில் ராஜமலைப் பகுதி மட்டுமே பயணிகளுக்குத் திறந்துள்ளது. சொந்த வாகனங்களுக்கு அனுமதியில்லை. நுழைவாயிலிலிருந்து வனத்துறைப் பேருந்தே அழைத்துச் செல்லும். இறங்கிய பின் சீரான பாதையில் நடக்கலாம். அறுபதைக் கடந்த எங்களுக்கும் அந்நடை கடினமாக இல்லை. ஒரே அளவாகக் கத்தரித்த தேயிலைச் செடிகள் முடிந்து, காற்றில் அலை அலையாய் அசையும் புல் தொடங்கியது. எதிரே, தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய 2,695 மீட்டர் உயர ஆனைமுடி மேகத்துள் மறைவதும் வெளிப்படுவதுமாக நின்றது.

பாதையோரப் பாறையில் வரையாட்டுக் கூட்டம் ஒன்றைக் கண்டோம். 'வரை' என்றால் மலை. சங்க நூல்கள் வருடை என்று கூறும் விலங்கு இதுவே என்பர். நம் தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இது, தமிழகத்திலும் கேரளத்திலும் உள்ள மேற்கு மலைத்தொடரையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. இதன் குளம்பின் விளிம்பு கடினமானது. நடுப்பகுதியோ ரப்பர் போல் மென்மையானது. ஆகவே செங்குத்தான பாறையிலும் கால் வழுக்குவதில்லை. 2025-இல் இரு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கில் இவற்றின் தொகை 2,668. அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரவிகுளத்தில் உள்ளது.

ஆட்டைக் கண்டு களித்த என் மனைவி, பாறையிடுக்கில் கசிந்தோடிய நீரைக் கண்டதும் நின்றுவிட்டார். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது, குடங்களுடன் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர் அவர். "மழை ஓய்ந்து இத்தனை நாளாயிற்றே, இங்கே அணையும் இல்லை, ஏரியும் இல்லை. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு விடை எங்கள் காலடியிலேயே இருந்தது. புல்லின் தாள்கள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. பின்னிக் கிடக்கும் வேர்கள் மண்ணை அரிக்க விடாமல் பிடித்துக்கொள்கின்றன. மட்கிய தழை கலந்த மண் பஞ்சு போல் நீரை உறிஞ்சுகிறது. மலைமடிப்புகளில் குட்டையான மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அவற்றைச் சோலை என்பர். அங்கே உதிர்ந்த இலையும் பாசியும் ஈரத்தைக் காக்கின்றன. இவ்வாறு சேர்ந்த நீர் மாதக் கணக்கில் சிறுகச் சிறுகக் கசிகிறது. புல்லும் சோலையும் சேர்ந்து கட்டிய நீர்த்தேக்கம் என்றே இம்மலையைக் கூறலாம்.

அந்நீர் எங்கே செல்கிறது? மேற்குச் சரிவின் ஓடைகள் பெரியாற்றைச் சேர்கின்றன. கிழக்குச் சரிவின் நீர் பாம்பாறாகி, உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி அணையை அடைகிறது. அமராவதி கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. காவிரி நீரோ கீழணை வழியாக வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் அங்கிருந்து சென்னைக்குக் குழாய் வழியே குடிநீர் வருகிறது. அந்நீரில் இம்மலையின் பங்கு சிறிதாக இருக்கலாம். ஆயினும் பேசின் பிரிட்ஜில் நிரப்பும் குடத்திற்கும் இப்புல்வெளிக்கும் உறவு உண்டு என்பதை மறுக்க இயலாது.

இத்தகைய புல்வெளியைப் பயனற்ற தரிசு என்று கருதிய காலமும் உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் பெரும்பரப்பான புல்வெளிகளில் சீகை மரத்தையும் தைலமரத்தையும் நட்டனர். அவ்விடங்களில் வரையாடு தன் மேய்ச்சல் நிலத்தை இழந்தது. இரவிகுளம் தப்பிய கதை வியப்பானது. தேயிலைத் தோட்டத்துரைமார் தம் வேட்டைக்கென்றே இதைக் காத்து வந்தனர். 1971-இல் கேரள அரசு சட்டமியற்றி இந்நிலத்தை மேற்கொண்டது. 1975-இல் இது சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. சுடுவதற்காகக் காத்த விலங்கைப் பின்னர் வாழ்வதற்காகவே காக்கலாயினர்.

மாணவர்களே, நீங்களும் பெற்றோருடனோ ஆசிரியருடனோ அங்குச் செல்லுங்கள். வரையாடு குட்டி ஈனும் காலமாகையால் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடியிருக்கும்; அறிவிப்பைப் பார்த்துப் புறப்படுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்கும். ஆடு அருகில் வந்தாலும் தின்பண்டம் நீட்டாதீர்கள், தொடாதீர்கள். நெகிழிப் பை எதையும் விட்டு வராதீர்கள். விலங்கு கண்ணிற்படாத நாளிலும் ஏமாற்றம் வேண்டா. சற்றே குனிந்து புல்லின் அடியைப் பாருங்கள். நாளை நாம் அருந்தப்போகும் நீர் அங்கே கசிந்துகொண்டிருக்கும்.