அகிட்டாவா, ஷிபாவா?

ஜப்பானில், தோக்கியோ நகரத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, ஐந்து வயதுத் தங்கை. உங்கள் எடை 40 கிலோகிராம். நெடுநாள் கெஞ்சிய பிறகு, நாய் வளர்க்கலாம் என்று அப்பா சம்மதித்துவிட்டார். எந்த நாய்? "அகிட்டா" என்கிறீர்கள் நீங்கள். "ஷிபா" என்கிறார் அம்மா. யார் கட்சி வலுவானது? பௌதிகத்தைத் துணைக்கு அழைத்துப் பார்ப்போமா?

இரண்டும் ஜப்பானியச் சாதிகள். அகிட்டாவை 1931-லும், ஷிபாவை 1936-லும் இயற்கைச் சின்னங்களாக அந்நாட்டு அரசு அறிவித்தது. நிமிர்ந்த முக்கோணக் காதுகள், முதுகின்மேல் சுருண்ட வால், மேலே முரடும் உள்ளே பஞ்சுபோன்றதுமான ஈரடுக்கு உரோமம் ஆகியவை இரண்டுக்கும் பொது. ஒரே நாயைப் பெரிதாகவும் சிறிதாகவும் படமெடுத்தது போலிருக்கும். ஆனால் பிறந்த சூழல் வேறு. ஹான்ஷு தீவின் வடக்கே, பனி கொட்டும் அகிட்டாப் பகுதியில் கரடி வேட்டைக்குச் சென்ற நாய்களின் வழிவந்தது அகிட்டா. ஷிபாவோ புதர்க்காடுகளில் பறவைகளையும் சிறு விலங்குகளையும் கிளப்பிவிடும் நாய்.

ஆண் அகிட்டாவின் தோள் உயரம் ஏறத்தாழ 67 சென்டிமீட்டர். ஆண் ஷிபாவுக்கு 39.5. அதாவது 1.7 மடங்கு. "அவ்வளவுதானா?" என்று எண்ணிவிடாதீர்கள்! உருவம் ஒத்த இரு பொருள்களில், உயரம் 1.7 மடங்கானால் மேற்பரப்பு அதன் இருமடி, அதாவது 2.9 மடங்கு, கன அளவு அதன் மும்மடி, அதாவது 4.9 மடங்கு. ஷிபாவின் எடை 9 கிலோகிராம் என்றால் அகிட்டாவின் எடை 44 கிலோகிராம் வரவேண்டும். நன்கு வளர்ந்த ஆண் அகிட்டாக்கள் 40-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் எடையுள்ளவை. கணக்கு நம்மை ஏமாற்றவில்லை.

இந்த இரண்டு எண்களில்தான் விஷயமே இருக்கிறது. வெப்பம் உண்டாவது உடலின் உள்ளே. அது வெளியேறுவது மேற்பரப்பின் வழியே. ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் அகிட்டாவுக்குள்ள தோற்பரப்பு, ஷிபாவுக்குள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். பனிக்காலத்தில் இது வரம். உரோமங்களிடையே சிக்கிய காற்று வெப்பத்தை அரிதிற் கடத்துவதால், பனிமேலேயே படுத்து அது சுகமாக உறங்கும். ஆனால் தோக்கியோவின் ஆகஸ்டு மாதம் 30 டிகிரியைத் தாண்டும். காற்றில் ஈரமும் மிகுதி. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். எனவே நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் எளிதில் ஆவியாகுமா? ஆகாது. நண்பகலில் நடக்க அழைத்துச் சென்றால் நாயின் உயிருக்கே ஆபத்து வரலாம். ஷிபாவுக்கும் இந்த ஆபத்து உண்டு, அகிட்டாவுக்குக் கூடுதல்.

அடுத்து, கயிறு. இதை அப்பாவும் அம்மாவும் அவசியம் படிக்க வேண்டும். எதிரே ஒரு பூனை ஓடுகிறது. உங்கள் நாய் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அகிட்டாவின் உந்தம் 44 × 5 = 220. கயிறு அதை அரை நொடியில் நிறுத்த வேண்டுமானால் 440 நியூட்டன் விசை வேண்டும். காலணிக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.6 என்று கொண்டால், 40 கிலோகிராம் எடையுள்ள உங்களைத் தரையோடு பிடித்துவைக்கும் உராய்வு 235 நியூட்டன் மட்டுமே. ஆக, பூனையை நாய் துரத்தும். நாயின் பின்னால் நீங்கள் இழுபடுவீர்கள்! ஷிபாவுக்கோ 90 நியூட்டன் போதும். தடுமாறுவீர்கள், ஆனால் நின்றுவிடலாம். பாட்டி கையில் அகிட்டாவின் கயிறு இருப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. இபராகி மாகாணத்தில் அகிட்டாவைக் கூண்டுக்குள் வைத்து வளர்க்க வேண்டும் என்று விதியே உண்டு.

உணவுச் செலவில் ஓர் ஆறுதல். எடை 4.9 மடங்கு என்பதால் உணவும் 4.9 மடங்கு தேவைப்படாது. உடல் செலவிடும் ஆற்றல் எடையின் முக்கால் அடுக்கை ஒட்டி உயர்கிறது என்று 1932-இல் மாக்ஸ் கிளைபர் கண்டார். அதன்படி அகிட்டாவுக்கு 3.3 மடங்கு போதும். அதுவும் குறைவான செலவன்று என்பது வேறு.

குணத்தை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை. ஹாச்சிகோவின் கதையைக் கேட்டுத்தானே நீங்கள் அகிட்டா வேண்டும் என்கிறீர்கள்? பேராசிரியர் உயெனோ 1925 மே மாதம் காலமானார். அவருடைய நாய் ஹாச்சிகோ, 1935 மார்ச்சில் தான் இறக்கும் வரை, ஷிபுயா ரயில் நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தது. உள்ளத்தை உருக்கும் உண்மைச் செய்திதான். ஆனால் வீட்டாரிடம் பற்றுள்ள அகிட்டா, அயலாரைச் சந்தேகிக்கும். தன் பாலினத்தைச் சேர்ந்த வேறு நாயைக் கண்டால் பெரும்பாலும் பொறுக்காது. தேர்ந்த கையும் விசாலமான முற்றமும் உள்ள வீட்டுக்கு அது ஏற்றது. ஷிபா பூனையைப்போலத் தூய்மை விரும்பி, பிடிவாதக்காரனும்கூட. கூப்பிட்டால், வருவதா வேண்டாமா என்று யோசிக்கும். நகம் வெட்டப் போனால் அது போடும் கூச்சலில் அண்டை வீட்டார் ஓடிவருவார்கள். ஆண்டுக்கு இருமுறை உள்ளுரோமம் கொட்டுவதில் மட்டும் இரண்டும் ஒற்றுமை. துடைப்பத்தை யார் எடுப்பது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் வாக்கு உங்கள் அம்மாவுக்கே. ஆனால் ஒரு நிபந்தனை. ஷிபா திறந்த கதவைக் கண்டால் அம்பாய்ப் பறக்கும், திரும்பிப் பார்க்காது. தங்கைக்குக் கதவைத் திறந்து போடும் பழக்கம் இருந்தால், நாய் வருவதற்கு முன்பே வாசலுக்கு உட்புறம் இடுப்பளவில் ஒரு தடுப்புக் கதவு போடச் சொல்லுங்கள். 39.5 சென்டிமீட்டர் உயரந்தானே என்று தாழ்வாக அமைத்துவிட வேண்டாம். அது நன்றாகத் தாண்டும்.