வில்வண்டி முதல் பந்தய வண்டி வரை

மாட்டு வண்டிகளுள் ‘வில்வண்டி’ என்றொரு வகை உண்டென்பதை நம் இல்லத்துப் பெரியோர் அறிவர். கட்டை வண்டியில் சென்றவர்க்கு இடுப்பு நொந்தது; வில்வண்டியில் சென்றவரோ கண்ணயர்ந்தவாறே ஊர் போய்ச் சேர்ந்தார். அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே பொருத்திய எஃகுப் பட்டைகளே அவ்வேற்றுமைக்குக் காரணம். இன்று பட்டறைகளில் ‘சஸ்பென்ஷன்’ என வழங்கும் வில்லமைப்பும் அதே நோக்கத்தில் எழுந்ததே. திருவனந்தபுரத்தில் வாழும் நம் இளைஞர் சிலர், வேகத்தின்மேல் கொண்ட வேட்கையால், தம் கார்களின் பின்பக்கத்தைத் தாழ்த்தவும் விறைப்பாக்கவும் விரும்புகின்றனர். ஆகவே இவ்வமைப்பின் வகைகளையும் நிறைகுறைகளையும் அறிந்து வைப்பது, பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டியில் வில்லமைப்புக்குக் கடமைகள் மூன்று உள. சுமையைத் தாங்குதல் ஒன்று. டயரைத் தரையோடு இடைவிடாது பொருந்தச் செய்தல் மற்றொன்று. இயந்திரத்தின் விசையைச் சாலைக்குச் சேர்ப்பித்தல் மூன்றாவது. ஒரு டயர் சாலையைத் தொடும் இடமோ ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. அப்பிடி நழுவுமாயின் எத்துணை ஆற்றல் வாய்ந்த இயந்திரத்தாலும் பயனில்லை.

முதல் வகை, இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இணைத்து, அவ்வச்சைப் பட்டைவில்லின்மேல் ஏற்றியது. 2014 வரை உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர் கார் இவ்வகையினதே. எளிமையும் உறுதியும் இதன் சிறப்புகள். உடைந்த பட்டையைச் சிற்றூர்ப் பட்டறையிலும் மாற்றிவிடலாம். வண்டி அமிழ்ந்தாலும் எழுந்தாலும் சக்கரங்கள் நிமிர்ந்தே நிற்கும். குறையாவது யாது? ஒரு சக்கரம் குழியில் இறங்கின், மற்றதும் அதன் அதிர்ச்சியை ஏற்கும். அச்சும் அதன் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் பெட்டியும் கனமாதலின், மேடுபள்ளங்களில் சக்கரங்கள் துள்ளும்.

நேர்பாதையில் 402 மீட்டர் தொலைவை நொடிக்கணக்கில் கடக்கும் ‘டிராக்’ பந்தயத்தில் இவ்வகையின் தன்மை நன்கு விளங்கும். வண்டி பாய்ந்து புறப்படுங்கால் முன்சக்கரங்களின் பாரம் குறைந்து, பின்சக்கரங்களின் பாரம் மிகும். எடுத்துக்காட்டாக, 1,000 கிலோ எடையும், முன்பின் அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் இடைவெளியும், எடைமையத்துக்கு 0.5 மீட்டர் உயரமும் உடைய வண்டியொன்றைக் கொள்வோம். புவியீர்ப்பின் பாதியளவு வேகவளர்ச்சியில் அது புறப்படின், ஏறத்தாழ 100 கிலோ பாரம் பின்னுக்கு மாறும். மெல்லிய வில்லை வைத்து வண்டியின் பின்புறத்தை அமிழச் செய்தால் இப்பாரம் பெருகும் எனச் சிலர் எண்ணுவர், அஃது உண்மையன்று. அளவை முடிவு செய்பவை வேகவளர்ச்சி, உயரம், இடைவெளி ஆகிய மூன்றுமே. பாரம் எவ்வாறு, எத்துணை விரைவில் டயரைச் சேர்கிறது என்பதே வில்லமைப்பின் கையில் உள்ளது.

விசை பெருகும்போது அச்சு தானும் முறுக்கிக்கொள்ள முயலும். அப்போது பட்டைவில் பாம்புபோல் நெளிந்து, திடீரென மீளும். சக்கரம் குதித்துப் பிடியை இழக்கும். இதனைத் தடுக்கவே பந்தயப் பட்டறையினர் அச்சிலிருந்து முன்னோக்கி வலிய கம்பிகளைப் பொருத்துவர். அல்லது பட்டைவில்லை நீக்கிச் சுருள்வில்லை வைத்து, நான்கு இணைப்புக் கம்பிகளால் அச்சை நிறுத்துவர்.

சக்கரங்கள் தனித்தனியே அசையும் வகையும் நம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு என்னும் காரை உருவாக்கிற்று. அதன் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தன் அரையச்சோடு ஊஞ்சல்போல் அசைந்தன. குறுக்காக வைத்த ஒரே பட்டைவில் அவ்விரண்டையும் தாங்கிற்று. நேர்ச்சாலையில் பயணம் இனிதாயினும், வளைவில் விரைந்து செல்லுங்கால் வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்க முற்பட்டது. நடுவளைவில் ஓட்டுநர் அஞ்சி ஆக்ஸிலரேட்டரினின்று காலை எடுத்தால் இடர் மேலும் மிகுந்தது. நம் நாட்டு ஓட்டுநர்க்கும் பட்டறையினர்க்கும் இவ்வமைப்பு உவப்பாக இல்லை. 1972 இல் அந்நிறுவனம் வெளியிட்ட கெஜல் காரில் மீண்டும் ஒரே அச்சையே வைத்தனர். புதுமை மட்டுமே மேன்மையாகாது என்பதற்கு இது தக்க சான்று.

எனினும் அறிவியல் அங்கே நின்றுவிடவில்லை. பல இணைப்புக் கம்பிகளால் சக்கரத்தின் சாய்வைக் கட்டுப்படுத்தும் தனியமைப்புகள் பின்னர்ப் பெருகின. இவை மேடுபள்ளச் சாலையிலும் வளைவுகளிலும் டயரை நன்கு பதியவைக்கும். ஒற்றை அச்சுக்குப் பேர்பெற்ற அமெரிக்க மஸ்டாங் காரும் 2015 ஆம் ஆண்டு வடிவில் இதற்கு மாறிற்று. ஆயினும் நேர்ப்பந்தயம் ஒன்றையே நோக்கும் பலர், வலிமையும் எளிமையும் கருதி இன்றும் ஒற்றை அச்சையே நாடுகின்றனர். எனவே எது சிறந்தது என வினவுவதினும், எதற்குச் சிறந்தது என வினவுவதே பொருத்தமாகும்.

நம் பிள்ளைகள் ஓட்டுவது எவ்விடத்தில்? பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலையோ நெரிசல் மிக்கது. மழைக்காலத்தில் வழுக்குவதும் உண்டு. இங்கே மிகத் தாழ்த்திய வண்டி குழியில் அடிபடும். மிக விறைத்த வில்லினால் டயர் ஈரத்தரையை விட்டுத் துள்ளும். மேலும், பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதை 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடை செய்கிறது. வண்டியின் மூல அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதையும் அச்சட்டம் ஏற்பதில்லை.

வேகத்தில் ஆர்வமுடைய இளைஞர்க்கு வேறு வழியில்லையோ எனின், உண்டு. 1953 இல் அமைந்த சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார், போர்க்காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பன்னெடுங்காலம் பந்தயம் நடத்தினர். அம்பாசிடர், பியட், ஹெரால்டு போன்ற வீட்டு வண்டிகளையே திருத்தி அங்கு ஓட்டினர். 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப்பாதை திறக்கப்பட்டது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் ஒன்று உண்டு. 2005 இல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் வீரராக உலக அரங்கேறிய நாராயண் கார்த்திகேயன் அக்கோவை மண்ணைச் சேர்ந்தவரே.

ஆதலின் பெற்றோர் தம் மக்களின் ஆர்வத்தைக் கடிந்து அடக்குதல் வேண்டா. அதனை உரிய களத்துக்கு ஆற்றுப்படுத்துதலே தக்கது. வில்லின் இயல்பையும் டயரின் எல்லையையும் கற்றறிந்த இளைஞன், வளைவில் வேகத்தைத் தானே குறைப்பான். வாகனத்தில் ஏறுமுன் அவ்வறிவை ஊட்டுவது நம் கடமையன்றோ!