முத்திரையில் நிற்கும் கோபுரம்

தமிழ்நாடு அரசின் முத்திரையில் அசோகரின் சிங்கத் தூணுக்குப் பின்னால் ஒரு கோயில் கோபுரம் நிற்கிறது. 1949இல் ஏற்கப்பட்ட இவ்விலச்சினையை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். அது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பொதுநம்பிக்கை. மதுரை மேலைக் கோபுரம் என்பது ஓவியரின் கூற்று. எக்கோயில் என்பதைவிட, கோபுரம் யாருக்கு எதைக் குறித்தது என்பதே நமக்குரிய வினா.

உள்ளே செல்வோருக்கு அது வாயில். விலக்கப்பட்டோருக்கோ அது தொலைவில் நின்று கும்பிட வேண்டிய எல்லைக்குறி. இராமநாதபுரத்துக் கமுதி இதற்குச் சான்று. 1897 மே மாதம் அங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நாடார்கள் சிலர் நுழைந்தனர். அறங்காவலரான பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு ஜனவரியில் பாம்பனில் விவேகானந்தரை வரவேற்று மகிழ்ந்த அரசர்தாம் அவர்! 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நாடார்கள் தம்மைச் சத்திரியர் என நிறுவவே முயன்றனர், தீண்டாதார் எனப்பட்டோரின் உரிமை அவ்வழக்கின் பொருளன்று.

அவ்வுரிமைக்கான ஆலயப் பிரவேசம், வைத்தியநாத ஐயர் தலைமையில் 1939 ஜூலை 8 அன்று மதுரையில் நிகழ்ந்தது. மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947இல்தான் வந்தது. சட்டம் கதவைத் திறந்த இரண்டே ஆண்டுகளில், கதவடைப்பின் நினைவு எதுவும் ஒட்டாமல், கோபுரம் அனைவருக்குமான அரசின் அடையாளமாயிற்று. கமுதியிலிருந்து கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் தலித் மாணவரின் சாதிச் சான்றிதழில் இருப்பதும் இதே கோபுரம்தான்.