முதல் அணிக்கு எப்போது தயார்? விமல் யோகநாதனும் அவசரப்படும் நாமும்

2024 ஓகஸ்டில் இங்கிலாந்தின் லீக் கிண்ணப் போட்டியொன்றில் விகன் அத்லெட்டிக் அணியை பார்ன்ஸ்லி கழகம் எதிர்கொண்டபோது, விமல் யோகநாதன் என்ற 18 வயது மத்தியகள வீரர் பார்ன்ஸ்லியின் முதல் அணிக்காகக் களமிறங்கினார். ஈழத்தமிழ்க் குடும்பமொன்றில் வேல்ஸில் பிறந்தவர். லிவர்பூல் கழகத்தின் சிறுவர் பயிற்சிப் பிரிவில் ஆடிவிட்டுப் பின்னர் பார்ன்ஸ்லிக்கு வந்தவர். வேல்ஸின் வயதுப்பிரிவு அணிகளுக்கும் ஆடியிருக்கிறார். பிரித்தானியாவில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிய முதல் தமிழர் என்று அன்று செய்திகள் வந்தன. உதைபந்தாட்டம் பார்க்காதவர்கள்கூட அந்தச் செய்தியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவர் பெயர் அணிப்பட்டியலில் வரவில்லை. வந்தாலும் மாற்று வீரர்களின் வாங்கில் இருந்தது. அப்போது எங்களில் பலருக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: பொடியன் நல்லாத்தானே விளையாடுகிறான், ஏன் இறக்குகிறார்கள் இல்லை? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சந்தேகமும் இருக்கிறது. தெற்காசியப் பின்னணி கொண்ட வீரர்கள் இங்கிலாந்தின் தொழில்முறைக் கழகங்களில் மிகச் சிலரே என்பது அந்நாட்டு உதைபந்தாட்ட அமைப்புகளே ஒத்துக்கொண்ட விடயம். ஆகவே சந்தேகம் ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் 18 வயதுப் பையன் ஒருவன் வாங்கில் இருப்பதை வைத்து அந்த முடிவுக்கு வரமுடியாது. உலகின் எந்த மூலையிலும் 18 வயதுக்காரருக்கு வாங்குதான் வழமையான இடம். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளை நாங்கள் எப்படி ஆடவிடுகிறோம் என்பதையும் வேறு கண்ணால் பார்க்கலாம்.

வயதுப்பிரிவு உதைபந்தாட்டமும் முதல் அணி உதைபந்தாட்டமும் ஒரே விளையாட்டு அல்ல. வயதுப்பிரிவில் தோற்றால் பயிற்றுவிப்பாளர் அதை ஒரு பாடம் என்று சொல்லலாம். முதல் அணியில் தோற்றால் புள்ளி போகும், பயிற்றுவிப்பாளரின் வேலையும் போகலாம். பார்ன்ஸ்லி ஆடுவது லீக் ஒன் எனப்படும் மூன்றாம் பிரிவில். 24 அணிகள், ஓகஸ்டிலிருந்து மே மாத ஆரம்பத்துக்குள் 46 லீக் ஆட்டங்கள், கிண்ணப் போட்டிகள் வேறு. சனி ஒரு ஆட்டம், செவ்வாய் இன்னொன்று, திரும்பவும் சனி என்று பல வாரங்கள் போகும். முப்பது வயதைத் தாண்டிய, பத்து வருடமாக இதையே செய்துவருகிற பின்வரிசைக்காரர் ஒருவர் மழையில் நனைந்த புற்தரையில் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு வருவார். அவருக்கு எதிரே நிற்கிற பையனின் காலில் எவ்வளவு வித்தை இருக்கிறது என்பது அங்கே பாதிக் கேள்விதான்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 13, 14 வயது. ஆனால் சிலருக்கு 12இல் வரும், சிலருக்கு 16இல். முந்தி வளர்ந்தவன் 15 வயதுக்குட்பட்டோர் சுற்றுப்போட்டியில் எல்லாரையும் தள்ளி விழுத்திக் கோல் போடுவான். அவனை நட்சத்திரம் என்போம். பிந்தி வளர்ந்தவனை ஒல்லி என்று வெளியே இருத்துவோம். இரண்டு வருடத்தில் உயரம் சரிசமனாகும்போது யார் உண்மையில் ஆட்டக்காரன் என்பது தெரியவரும். அதற்குள் பிந்தியவன் விளையாட்டை விட்டிருப்பான். இதனால்தான் இங்கிலாந்தின் பயிற்சிக் கழகங்கள் பிள்ளையின் உயரம், நிறை, தாய் தகப்பனின் உயரம் ஆகியவற்றைக் கொண்டு, அவன் தன் முழு உயரத்தில் எத்தனை வீதத்தை எட்டியிருக்கிறான் என்று கணக்கிடுகின்றன. சில வேளைகளில் பிறந்த வருடத்தை விட்டுவிட்டு, உடல் முதிர்ச்சியின்படி குழு பிரித்தும் ஆடவிடுகின்றன.

உயரம் முடிந்தாலும் வேலை முடியாது. தசைப் பலமும் தசைநாண்களின் உறுதியும் இருபது வயது கடந்தும் கூடிக்கொண்டே போகும். ஒரு ஆட்டத்தில் மத்தியகள வீரர் ஒருவர் 10 முதல் 12 கிலோமீற்றர் வரை ஓடுவார். அதை 17 வயதுக்காரனும் ஓடுவான். பிரச்சினை அந்தத் தூரத்துக்குள் எத்தனை தடவை முழுவேகத்தில் ஓடி, சடுதியாக நின்று திரும்பினான் என்பதில் இருக்கிறது. மூன்றாம் நாள் அதையே மறுபடி செய்ய அவனுடைய பின்தொடைத் தசை ஆயத்தமா என்பது அடுத்த கேள்வி. பயிற்சியின்போது வீரர்கள் நெஞ்சில் அணியும் கறுப்பு உட்சட்டைக்குள் இருக்கும் ஜிபிஎஸ் கருவி அளப்பது இவற்றைத்தான்.

உடம்பு ஆயத்தமென்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது முடிவெடுக்கும் வேகம். நோர்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், பந்து காலுக்கு வருமுன் வீரர்கள் எத்தனை தடவை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார்கள் என்று பல வருடங்களாக எண்ணி வருகிறார். அடிக்கடி பார்ப்பவர்கள் பந்தைச் சரியான ஆளுக்குக் கொடுக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அவர் கண்டது. வயதுப்பிரிவு ஆட்டத்தில் பந்தை நிறுத்தி, தலை நிமிர்த்தி, யோசித்துக் கொடுக்க நேரம் கிடைக்கும். முதல் அணியில் பந்தை நிறுத்திய பிறகு யோசிப்பவனிடம் பந்து இருக்காது.

இங்கேதான் இடம் முக்கியமாகிறது. வேகமான இளைஞர்கள் முதலில் ஓரத் தாக்குதல் வீரராகவே அறிமுகமாவதை நீங்கள் கவனித்திருக்கலாம். எதிரணியின் கோல் பக்கத்து மூலையில் பந்தைப் பறிகொடுத்தால், திரும்பி ஓடிவந்து மூட இன்னும் பத்துப் பேர் பின்னால் இருக்கிறார்கள். சொந்தப் பின்வரிசைக்கு முன்னால் மத்தியகள வீரர் பறிகொடுத்தால் அடுத்த நான்கு விநாடிக்குள் அது கோல். கோல் காப்பாளரின் தவறை மூட ஆளே இல்லை. 2015இல் 16 வயது டொன்னருமாவை ஏசி மிலான் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியது இன்றும் அதிசயமாகப் பேசப்படுவது அதனால்தான். விமல் மத்தியகள வீரர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அவருடைய பயிற்றுவிப்பாளர்கள் ஏன் பார்த்துப் பார்த்து இறக்குகிறார்கள் என்பது கொஞ்சம் விளங்கும்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு பார்சிலோனா கழகத்தைப் போல நல்ல உதாரணம் வேறில்லை. ஒரே கழகம், சில வருட இடைவெளி, மூன்று பையன்கள்.

அன்சு ஃபாத்தி 2019 ஓகஸ்டில் 16 வயதில் அறிமுகமானார். வந்த வேகத்தில் கோல்கள். 2020 நவம்பரில் ரியல் பெட்டிஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இடது முழங்கால் குருத்தெலும்பு கிழிந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள், ஏறத்தாழ பத்து மாதங்கள் வெளியே. 2021இல் அவர் திரும்பி வரும்போது மெஸ்ஸி கழகத்தை விட்டுப் போயிருந்தார். கழகம் மெஸ்ஸியின் 10ஆம் இலக்கச் சட்டையை எடுத்து இந்த 18 வயதுப் பையனுக்குக் கொடுத்தது. முழங்கால் இன்னும் முழுதாகத் தேறாத ஒருவனுக்கு அதைக் கொடுத்தது எனக்கு இன்றுவரை கருணையாகத் தெரியவில்லை. காயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. பிறகு பிரைட்டனுக்கு இரவல், மொனாக்கோவுக்கு இரவல்.

பெட்ரியின் கதை வேறு. அவருக்கு உடனே பெரிய காயம் வரவில்லை. நன்றாக ஆடினார். நன்றாக ஆடியதே பிரச்சினையாயிற்று. 2020–21 பருவத்தில் கழகம், ஸ்பெயின் தேசிய அணி, ஐரோப்பியக் கிண்ணம், டோக்கியோ ஒலிம்பிக் என்று 70க்கு மேற்பட்ட ஆட்டங்கள். ஒலிம்பிக் இறுதியாட்டம் 2021 ஓகஸ்ட் 7ஆம் திகதி நடந்தது. அதே மாதம் அடுத்த லீக் பருவம் தொடங்கிவிட்டது. வயது 18. அந்தப் பருவத்தில் தொடைத் தசைக் காயத்தால் பல மாதங்கள் வெளியே இருந்தார், அடுத்த வருடங்களிலும் அது துரத்தியது. கழகமும் நாடும் தத்தம் ஆட்டங்களை மட்டுமே எண்ணின. கூட்டிப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

மூன்றாமவர் லமீன் யமால். 2023 ஏப்ரலில், 15 வயதில், கடைசிச் சில நிமிடங்களுக்கு இறக்கப்பட்டார். அந்தப் பருவத்தில் முதல் அணிக்காக அவர் ஆடியது அவ்வளவுதான். உலகம் கொண்டாடியது, கழகம் திருப்பி வாங்கில் இருத்தியது. அடுத்த பருவத்தில்தான் தொடர்ச்சியாக ஆடினார். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில் கோல் போட்டபோது 17 வயது முடியச் சில நாட்கள் இருந்தன. அந்தச் சுற்றுப்போட்டிக்கு அவர் பாடசாலை வேலைகளையும் கொண்டுபோனார், படிப்பின் அந்தக் கட்டத்தைச் சித்தியடைந்தார் என்பது எங்கள் பெற்றோருக்குப் பிடிக்கும் செய்தி. ஆனால் யமாலைக் காட்டி "பார், 16 வயதில் ஆடலாம்தானே" என்பவர்கள் மீதியையும் சொல்லவேண்டும். 2025 செப்டெம்பரில் அவரை வலிநிவாரணி கொடுத்து ஆடவைத்தார்கள் என்று ஸ்பெயின் தேசிய அணி மீது கழகத்தின் பயிற்றுவிப்பாளர் ஹான்சி ஃபிளிக் வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். யமாலின் கதை இன்னும் முடியவில்லை.

இவர்களுக்கு முன்னால் இன்னொருவர் இருந்தார். போயான் கிர்கிச் 2007இல் 17 வயதில் அதே கழகத்தில் அறிமுகமாகி, அடுத்த மெஸ்ஸி என்று பெயரெடுத்தார். 2008 பெப்ரவரியில் ஸ்பெயின் அணிக்கு அழைப்பு வந்தது. அவர் ஆடவில்லை. வயிற்றுக் கோளாறு என்று காரணம் சொன்னார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அவரே உண்மையைச் சொன்னார்: அது பதற்ற நோய். தலைச்சுற்று நிற்கவில்லை. அந்த வருட ஐரோப்பியக் கிண்ணத்துக்கும் அவர் போகவில்லை. ஸ்பெயின் கிண்ணத்தை வென்றது. அவருடைய காலில் ஒரு குறையும் இருக்கவில்லை. மற்றவர்களின் எதிர்பார்ப்பைச் சுமக்க அந்தப் பையன் ஆயத்தமாக இல்லை, அதை யாரும் அளக்கவும் இல்லை.

போயானின் தலையில் இருந்தது ஒரு கழகத்தின் எதிர்பார்ப்பு. விமலைப் போன்ற ஒருவரின் தலையில் நாங்கள் வைப்பது ஒரு இனத்தின் எதிர்பார்ப்பை. இது எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். இழந்தவை அதிகமானபோது வெல்லும் ஒரு பிள்ளையை எல்லா வீட்டுப் பிள்ளையாகவும் எடுத்துக்கொள்கிறோம். அதில் தவறு இல்லை. ஆனால் மத்தியகளத்தில் பந்தைப் பறிகொடுக்கும் உரிமையும் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். ஒரு மோசமான ஆட்டத்துக்குப் பிறகு அவருடைய பக்கத்தில் போய் எழுதுபவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

சரி, கழகங்கள் எப்படித்தான் ஆயத்தப்படுத்துகின்றன? ஏணிப் படிகள் உண்டு. 21 வயதுக்குட்பட்டோர் அணி, பிறகு முதல் அணியோடு பயிற்சி, பிறகு ஆடாமல் வாங்கில் இருந்து பழகுவது, பிறகு கிண்ணப் போட்டியில் சில நிமிடங்கள், பிறகு கீழ்ப்பிரிவுக் கழகத்துக்கு இரவல். இங்கிலாந்து தேசிய அணிக்காக மிக அதிக கோல் போட்ட ஹரி கேன், டொட்டன்ஹாமில் நிலைபெறும் முன் நான்கு கழகங்களுக்கு இரவலாகப் போனவர். 2013இல் லெஸ்டர் அணியின் வாங்கில் அவரும், பிற்காலத்தில் பிரீமியர் லீக் வென்ற ஜேமி வார்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அந்த வாங்கைப் பார்த்து அன்று யாரும் எதையும் எழுதிவிடவில்லை.

எங்கள் மண்ணில் இல்லாதது திறமை அல்ல, இந்த ஏணிதான். இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியும் யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியும் வளர்த்த ஆட்டக்காரர்கள் எத்தனை பேர். தெல்லிப்பளை மகாஜனாக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் நாட்டளவில் வென்று காட்டினார்கள். பாடசாலை மட்டத்தில் குறை இல்லை. ஆனால் பாடசாலைச் சட்டையைக் கழற்றிய அடுத்த நாள் பிள்ளைக்கு முன்னால் இருப்பது வளர்ந்தவர்களின் கழக அணி மட்டுமே. இடையில் படி இல்லை. அந்த இடைவெளி 16க்கும் 19க்கும் நடுவில் விழுகிறது. சாதாரண தரம், உயர்தரம், தனியார் வகுப்பு, அதற்குப் பிறகு வெளிநாடு. ஒரு ஆட்டக்காரர் உருவாகவேண்டிய அதே மூன்று வருடங்களில் எங்கள் பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போகிறார்கள். பெற்றோரை இதற்குக் குறைசொல்ல என்னால் முடியாது. விளையாடிச் சம்பாதிக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

மைதானத்தை விடாத பிள்ளைகளுக்கு மறுபக்கப் பிரச்சினை. 17 வயதில் நன்றாக ஆடும் ஒருவனைப் பாடசாலை கேட்கும், ஊர்க் கழகம் கேட்கும், லீக் தெரிவு அணி கேட்கும். ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி, மின்னொளியில் ஏழு பேர் கொண்ட ஆட்டம், ஒரே நாளில் அரையிறுதியும் இறுதியும். தரை பெரும்பாலும் கட்டாந்தரை. பெட்ரிக்காவது ஆட்டங்களை எழுதிவைக்கும் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் பெட்ரிகளின் ஆட்டங்களை ஒருவரும் எழுதிவைப்பதில்லை. முழங்கால் போனால் வீட்டில் எண்ணெய் பூசுவார்கள். கொஞ்சம் நடக்கமுடிந்ததும் கழகம் வந்து கூப்பிடும்.

காசு இல்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. பீபாவின் "11+" என்ற உடல் தயார்ப்படுத்தல் பயிற்சி 20 நிமிடம்தான் எடுக்கும், கருவி எதுவும் தேவையில்லை. நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளிடம் செய்த பெரிய ஆய்வில், அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. முழங்கால் தசைநார்க் காயம் பெண் வீராங்கனைகளுக்கே கூடுதலாக வருவதால் எங்கள் பெண்கள் அணிகளுக்கு இது இன்னும் அவசியம். ஒரு பிள்ளை வாரத்தில் எங்கெங்கே எத்தனை நிமிடம் ஆடினான் என்று பாடசாலைப் பயிற்றுவிப்பாளரும் கழகப் பயிற்றுவிப்பாளரும் ஒரே கொப்பியில் எழுதலாம். மின்னொளி ஆட்டத்துக்கு வந்து காலணிக் கயிறு கட்டும் பையனிடம், இன்று காலையில் எங்கே ஆடினாய், முழங்கால் எப்படி இருக்கிறது என்று கழகச் செயலாளர் கேட்கலாம். ஆடிவிட்டேன், நோகுது என்று அவன் சொன்னால், இறுதியாட்டமே ஆனாலும், வாங்கில் இருத்தலாம்.