வானத் தொலைவும் வழி நேரமும்

வாவிக்கு மேற்கே, பொழுது படும் திசையிற் கிடப்பதாற் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலத்தின் வாயிலில் இருப்பது வவுணதீவு. அங்கே ஒரு வீட்டில் முதியவர் கண்மூடினால், உற்றார் முதலிற் கேட்பது, "இலண்டனில் இருக்கும் மகன் எப்போது வந்து சேர்வார்?" என்பதே. கொள்ளி வைக்க வேண்டியவர் வருமுன் பிரேதத்தை எடுத்தல் ஆகாது. விமானச் சீட்டிலுள்ள நேரங்களைப் பிழையாகக் கூட்டி, ஊராரை முன்கூட்டியே அழைத்துவிட்டுத் தவிக்கும் வீடுகளும் உண்டு.

பிழை எங்கே நேர்கின்றது? சீட்டில் அச்சிடப்படுவது அந்தந்த ஊரின் கடிகார நேரமாகும். இலங்கையின் மணி கிறீனிச் மணிக்கு 5½ மணித்தியாலம் முந்தியது. குளிர்காலத்தில் இலண்டனை விட்டு இரவு 9 மணிக்குப் புறப்படும் விமானம் மறுநாட் பகல் 1 மணிக்குக் கட்டுநாயக்காவில் இறங்குமெனின், பறந்த காலம் 16 மணித்தியாலமன்று, 10½ மணித்தியாலமே. கோடையில் இலண்டன் மக்கள் தம் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பதால் வேறுபாடு 4½ ஆகக் குறையும்.

இனித் தொலைவு. இவ்விரு விமான நிலையங்களுக்கும் இடையே ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். இதனைச் சுவரிலே தொங்கும் தேசப்படத்தில் அடிமட்டம் வைத்து அளத்தல் தவறு. பூமி உருண்டை, ஆதலாற் பூகோள உருண்டையின்மேல் நூலொன்றை இறுக்கிப் பிடித்தே அளத்தல் வேண்டும். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு அவ்வாறு நூல் பிடிப்பவர், அது அத்திலாந்திக்கின் நடுவே செல்லாது வடதுருவ வட்டத்துக்கும் அப்பால் ஏறி இறங்குவதைக் கண்டு வியப்பர். அத்தொலைவு ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர்.

பெருவிமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீற்றர் பறக்கும். வகுத்துப் பார்த்தால் இலண்டன் பயணம் பத்து மணித்தியாலத்துக்குட் பட வேண்டும். ஆயின் ஏறவும் இறங்கவும் வேகம் குறையும். வான்வழிகளும் நூல்போல் நேராயிரா. மேலும், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பெருங்காற்று இலண்டனிலிருந்து வருவோரை உந்தும்; போவோரை மறிக்கும். பூமி சுழல்வதாலேயே இவ்வேறுபாடு, விமானம் ஓரிடத்தில் நின்றால் இலண்டன் தானே காலடிக்கு வந்துவிடும் என்பாருமுளர். பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்வதை அவர்கள் மறந்தனர்.

எஞ்சியிருப்பது தரைவழி. மட்டக்களப்பு விமான நிலையம் 1958 இல் திறக்கப்பட்டது; வலையிறவுப் பாலத்துக்கு அணித்தாகவே இருக்கின்றது. ஆனால் அதன் ஓடுபாதை பெருவிமானம் இறங்கும் நீளமுடையதன்று. கட்டுநாயக்காவிலிருந்து மட்டக்களப்பு வான்வழியே இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். தெருவழியே ஏறக்குறைய முந்நூறு. இலண்டனிலிருந்து 8,700 கிலோமீற்றரைப் பத்தரை மணித்தியாலத்திற் கடந்து வந்தவருக்கு, இந்த முந்நூறைக் கடக்க ஆறு ஏழு மணித்தியாலம் வேண்டும்.

ஆகவே பகல் 1 மணிக்கு இறங்கியவர், குடிவரவுச் சோதனையும் பொதியெடுப்பும் முடித்து 2½ மணிக்குக் காரில் ஏறினால், வலையிறவுப் பாலத்தைக் கடக்க இரவு 9 மணியாவது ஆகும். பாடை எடுப்பது மறுநாட் காலையிலேதான்.